உள்ளங்கால்

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாக சைட் ஆபீசிலிருந்து போனில் சொன்னார்கள். அந்தப் போனில் நாம் பேசினால் பத்துப் பேர் காது கொடுப்பார்கள், கடிதமே மேல். வாரம் ஒருமுறை சாமான் வண்டி மலையேறும்போது தபாலும் ஏறும் என்றீர்களே, அதை நம்பி எழுதுகிறேன்.

நம் குட்டி மேனேஜர் பிறந்து நேற்றோடு ஏழு வாரம். நீங்கள் லீவில் வருவதற்கு முன் அவன் தானாகத் தூங்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியிருந்தான். தூக்கத்தின் நடுவே நெளிவான், முனகுவான். உடனே தூக்க மாட்டேன். நெஞ்சின் மேல் கையை வைத்து 'ம்... ம்...' என்பேன். அரை முழிப்பிலிருந்து அவனாகவே தூக்கத்துக்குத் திரும்பிவிடுவான். நிஜமாக அழுதால்தான் தூக்குவேன். இப்போது மதியம் படுக்க வைத்தால் இருபது நிமிடம் தாண்டுவதில்லை. காலை உதறிக்கொண்டு திடுக்கிட்டு முழிக்கிறான். தோளில் போட்டால்தான் அடங்குகிறான்.

ரயில்வே விசாரணைக் கவுன்டரில் ஆறு வருஷம் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வரும் என்று ஊருக்கே சொன்னவள் நான். இவன் எப்போது தூங்குவான் என்று உங்கள் அக்கா கேட்டால் பதில் இல்லை. "பால் பத்தலம்மா. பசிச்ச புள்ள எப்படித் தூங்கும்?" என்கிறார். இருக்கலாம். யார் முகத்தையும் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 11

அன்புள்ள விசாரணை மேடத்துக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே சுரங்கப்பாதை இன்னும் நாற்பது மீட்டர் பாக்கி. இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வருகிறார்கள். நடுவில் சந்திக்காவிட்டால் முதலில் உருளுவது சர்வேயர் தலைதான், அதாவது உன் புருஷன் தலை. அதனால் தினமும் இரண்டு தடவை அளக்கிறேன்.

மேனேஜரைப் பற்றிக் கவலைப்படாதே. குழந்தை என்றால் அப்படித்தான். அக்கா சொல்கிறாள் என்று பவுடர் பாலுக்கு அவசரப்படாதே, ஒரு வாரம் பொறு. தானாகச் சரியாகும் என்று தோன்றுகிறது. காலுக்கு சாக்ஸ் போட்டு வை.

உன் பேரில் குறை எதுவும் இருக்காது.

உன் சர்வேயர்

மார்ச் 18

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குள் பவுடர் பால் தொடங்கியாகிவிட்டது. சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து எடை பார்த்தார். எடை சரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அக்கா விடவில்லை. "மதியம் ஒரு புட்டி, சாயந்திரம் ஒரு புட்டி, அவ்வளவுதானே" என்று நர்ஸையே தலையாட்ட வைத்துவிட்டார். புட்டி கொடுத்தும் தூக்கம் வரவில்லை. என் பால்தான் நாளுக்கு நாள் குறைகிறது. 'பாவம், இவளுக்குப் பால் இல்ல' என்று அக்கா மூன்றாவது மாடி வரை சொல்லி வைத்திருக்கிறார். படியில் யாராவது எதிரே வந்தால் துணி காயப்போடப் போவதுபோல மொட்டைமாடிக்கே திரும்பிவிடுகிறேன்.

பிறந்ததிலிருந்து தூங்கிய நேரங்களை நான் ஒரு நோட்டில் குறித்து வந்தது தெரியுமே. நர்ஸ் அதைப் புரட்டிப் பார்த்தார். நீங்கள் வந்த மறுநாளிலிருந்துதான் மதியத் தூக்கம் பாதியாகியிருக்கிறது. "அந்த நேரத்துல குழந்தை பக்கத்துல யாரு இருப்பா?" என்று கேட்டார். "அவங்கப்பாதான். நான் கண்ணசந்திருப்பேன். இவன் அசைஞ்சாலே தூக்கிடுவார், அவ்வளவு ஆசை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

லீவு முடிந்து கிளம்பும் முன் அக்கா எதிரே நீங்கள் சொன்னீர்களே, "புள்ள சிணுங்குது, இவ கையை வெச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கிறா. மனசு என்ன கல்லா?" என்று. அன்று கோபம் வந்தது. இப்போது, நீங்கள் சொன்னது சரிதானோ என்று தோன்றுகிறது.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 25

அன்புள்ள உனக்கு,

இதை மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் தானாக முழிக்கவில்லை. நான் எழுப்பினேன்.

வந்த மறுநாள் மதியம் நீ அசந்து தூங்கிக்கொண்டிருந்தாய். அவனும் தூங்கினான். நெளிந்தான், முனகினான், நீ சொல்லிக் கொடுத்தபடி கையை வைத்தேன், தூங்கிவிட்டான். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்து நாள் லீவில் வந்தவனைப் பார்க்காமலே தூங்குகிறானே என்று இருந்தது. உள்ளங்காலில் விரலால் சுண்டினேன். அழுதான். தூக்கினேன். கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டான். அந்த ஐந்து நிமிடத்துக்காக மறுநாளும் சுண்டினேன். எல்லாமாகப் பதினான்கு தடவை.

அப்படி எழுப்பிவிட்டு, கடைசி நாள் அவன் சிணுங்கியபோது நீ பொறுமையாகக் கையை வைத்திருந்ததைப் பார்த்தேன். உன் கைக்கு அவன் அடங்கிவிட்டால், அவன் தூக்கத்தைக் கெடுத்தது நான்தான் என்று எனக்கே உறைக்கும். அதனால்தான் உன்னைக் கல் என்றேன்.

என் அசிஸ்டென்ட் கருவியைத் தட்டிவிட்டு ரீடிங் எடுத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். உன் நோட்டில் இருக்கும் கணக்கு நான் தட்டிவிட்டது. உன் பாலில் குறையில்லை. நீ செய்ததில் தப்பில்லை. போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சாக்ஸ் போடச் சொன்னேன், அவ்வளவுதான் துணிச்சல் இருந்தது.

அக்காவிடம் இதைச் சொல்லாதே. அவள் முகத்தில் என்னால் முழிக்க முடியாது.

நான்

ஏப்ரல் 2

உங்கள் கடிதத்தைப் படித்தேன். பவுடர் பால் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன், அதனால் கொஞ்சம் சிந்திவிட்டது.

அக்காவிடம் நான் சொல்லப் போவதில்லை. சொன்னால், புருஷன்மேல் பழி போடுகிறாள் என்பார். அவர் முகத்தில் முழிக்க முடியாது என்கிறீர்கள்; என் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதமாக இந்தப் படிகளில் நான் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் கையெழுத்தில் அவருக்கு ஒரு கடிதம் வரட்டும். எனக்கு வரும் உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டாம், போஸ்ட்மேன் வேலை எனக்கு வேண்டாம். அதுவரை நான் எழுதமாட்டேன்.

குழந்தை நன்றாக இருக்கிறான்.

ஏப்ரல் 23

அன்புள்ள உங்களுக்கு,

அக்காவுக்குக் கடிதம் வந்தது. சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். "இவன் சின்ன வயசுல தூங்குற பூனையையும் விடமாட்டான்" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேம்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் அவராகவே மூன்றாவது மாடிக்குப் போனார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து புட்டிகளைக் கழுவினார்.

மதியப் புட்டியை நிறுத்திவிட்டேன். சாயந்திரப் புட்டியை நிறுத்த முடியவில்லை. போன பால் முழுதாகத் திரும்புவது கஷ்டம் என்கிறார் நர்ஸ். எதற்காகப் போனது என்று தெரிந்த பிறகும் அந்தப் புட்டியை நான்தான் கலக்குகிறேன். மூன்று வாரமாகப் பழைய முறையிலேயே படுக்க வைக்கிறேன். நேற்று முனகினான், கையை வைத்தேன். ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கிவிட்டான். ஒன்றேகால் மணி நேரம்.

ஜூனில் லீவு கிடைத்தால் வாருங்கள். அவன் தூங்கும்போது அறைக்குள் நீங்கள் போகக் கூடாது என்று முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். போகலாம், பக்கத்தில் உட்காரலாம். ஆனால் நானும் கூட உட்கார்ந்திருப்பேன். எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை.

இப்படிக்கு,
மேனேஜரின் அம்மா