ஒரு மாதம் பொறுத்தோம்

காயல்பட்டினம்
9.2.2024

அன்புள்ள ஜெபசுதா அக்காவுக்கு,

ராஹிலா எழுதுவது. நாசரேத்தில் நீங்களும் ஷாமும் சுகந்தானே? போனில் பேசினால் மாமி பக்கத்திலேயே நிற்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோம். ஒன்றுக்குப் போகும் வழியைப் பிறவியிலேயே அடைத்திருந்த சவ்வை, இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில்தான் எரித்தார்கள். ஷாம் தொட்டிலுக்கு வெளியே பீச்சுகிறான் என்றீர்கள். என் உஸாமாவுக்கு இன்னும் சொட்டுச் சொட்டாகத்தான். கிட்னி வடிகட்டாமல் ரத்தத்தில் ஏறிய உப்பும் இறங்கவில்லை. தொப்புளுக்குக் கீழே துளை போட்டு அந்த வழியாகச் சிறுநீரை விட வேண்டும், ஓரிரு வருஷத்தில் மூடிவிடலாம் என்கிறார் டாக்டர். இரண்டு மாதப் பிள்ளை, அக்கா. அவன் வாப்பா துபாயிலிருந்து, "ஜெபசுதா டீச்சர்ட்ட கேளு, அவங்க சொல்றபடி செய்வோம்" என்கிறார்.

உங்கள் தங்கை
ராஹிலா


நாசரேத்
13.2.2024

அன்புத் தங்கை ராஹிலாவுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமே. ஷாமுக்கும் முதலில் அதே துளைப் பேச்சுதான் வந்தது. நாங்கள் ஒரு மாதம் பொறுத்தோம், தானாகவே சரியானது. பச்சைப் பிள்ளை வயிற்றில் எதற்கு இன்னொரு கத்தி? நீயும் பொறுத்துப் பார். தினமும் உஸாமா பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். பயப்படாத, ஏளா.

அக்கா
ஜெபசுதா


நாசரேத்
11.3.2024

ராஹிலா,

பதில் இல்லை, போனும் எடுக்கவில்லை. நேற்று ஷாமைக் காட்டப் போனபோது உஸாமாவைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். "ஒங்க பிள்ளைக்கு உப்பு இறங்கிச்சு, அதான் நானே பொறுக்கச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு இறங்கவே இல்லையேம்மா" என்றார்.

உண்மைதான். நாங்களாகவே துணிந்து பொறுத்ததுபோல உனக்கு எழுதிவிட்டேன். இன்றைக்கே கொண்டு போ. எங்கள் வீட்டுக்காரரைக் காரோடு அனுப்பட்டுமா?

ஜெபசுதா


காயல்பட்டினம்
2.4.2024

ஜெபசுதா டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று வீடு நிறைய ஆட்கள். முந்தின நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு உஸாமாவை அடக்கியிருந்தோம். காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு போனோம். அன்றே துளை போட்டார்கள். அதில் ஒன்றும் வரவில்லை. இரண்டு கிட்னியும் நின்றுவிட்டன. இரண்டு நாள் இருந்தான்.

வயிற்றுக்குள் இருக்கும்போதே கிட்னி கெட்டிருக்கலாம், முன்பே செய்திருந்தாலும் பிழைத்திருப்பான் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவன் வாப்பாவும், "டீச்சர் நல்லதுக்குத்தானே சொன்னாங்க" என்கிறார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பொறுத்திருந்த அந்த நாட்களில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. உங்கள் கடிதத்தை எடுத்து வாசித்துக்கொண்டேன்.

இனி எழுத வேண்டாம். ஷாமுக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

ராஹிலா