அவள் உன்னை விசாரித்தாள்

ஜனவரி 14

அன்புள்ள அப்பாவுக்கு,

வந்ததும் போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள், அதனால் கடிதம். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போனில் பேசலாம். ஆனால் வார்டன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அங்கே என்னத்தைப் பேச?

இந்தப் பயிற்சி மையத்தில் திங்கள்தோறும் சாப்பாட்டுக் கூடத்தின் கதவில் மார்க் ஒட்டுகிறார்கள். அந்த வரிசைப்படிதான் உட்கார வேண்டும். முதல் மேசைக்கு மேலே மின்விசிறி. கடைசி மேசை கைகழுவும் தொட்டியை ஒட்டி, எல்லோரும் துப்பும் சத்தத்தில். நாற்பது பெற்றோர் பணம் கட்டி இதை வாங்கியிருக்கிறீர்கள்.

பக்கத்துக் கட்டில்காரி நம் ஊர்தான், மார்க்கெட் பின்தெரு. தூக்கத்தில் வேதியியல் சமன்பாடு ஒப்பிப்பாள், அதனால் ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறோம். “தப்பா சொன்னா தட்டி எழுப்புடி” என்பாள். குளிர்கிறது என்று என் நீல ஸ்வெட்டரைப் போட்டவள் கழற்ற மாட்டேன் என்கிறாள். மூன்று வாரமாக அவள் தொட்டி மேசையில்.

அப்பா, காலையில் கண் விழித்ததும் நெஞ்சில் யாரோ ஏறி நிற்பது போல இருக்கிறது. இரண்டு நாள் வீட்டுக்கு வரட்டுமா? தூங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

உங்கள் வாயாடி

ஜனவரி 22

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா, அம்மா இருவரும் நலம். அம்மா டிவி பார்ப்பதை நிறுத்திவிட்டாள். நீதான் இங்கே இல்லையே, பார்த்தால் என்ன என்று கேட்டால், “அவ அங்க படிக்கையில நான் இங்க சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கவா?” என்கிறாள்.

போன வாரம் உங்கள் மையத்தில் பெற்றோருக்குக் கூட்டம், பரீட்சை பயத்தைச் சமாளிப்பது எப்படி என்று. ஆலோசகர் ஒருவர் படம் போட்டுக் காட்டினார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டுமாம். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டுமாம். பிள்ளைகளிடம் நல்ல செய்தி மட்டும் சொல்லுங்கள் என்றார். நடுவில் வீட்டுக்கு அழைத்தால் படிப்பின் ஓட்டம் அறுந்துவிடும் என்றும் சொன்னார். பல்லைக் கடித்துக்கொள் கண்ணு.

நேற்று எங்கள் கம்பெனி பராமரிக்கும் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். புது மெக்கானிக் பையன் வெளியிலிருந்து, “அஞ்சு நிமிஷம் சார், அஞ்சு நிமிஷம்” என்று கத்திக்கொண்டிருந்தான். காதைத் திருகினேன். உள்ளே மாட்டியவரிடம் பொய் சொல்லக் கூடாது. முக்கால் மணி ஆகும் என்றால் முக்கால் மணி என்று சொன்னால் ஆள் உட்கார்ந்துகொள்வார். அஞ்சு நிமிஷம் என்றால் ஆறாவது நிமிஷம் கதவை உடைப்பார். உனக்குத் தெரிந்த கதைதான்.

நன்றாகச் சாப்பிடு.

அன்புடன் அப்பா

பிப்ரவரி 4

அன்புள்ள அப்பாவுக்கு,

மூச்சை மெதுவாகத்தான் விடுகிறேன். அது திரும்பி உள்ளே வரத்தான் தகராறு செய்கிறது.

போன வாரம் ரேடியோவின் அப்பாவை வரவழைத்து, எங்கள் எதிரிலேயே அவள் மார்க்கைப் படித்துக் காட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அவளை ஊருக்கு அழைத்துப் போனார். நாலு நாளில் வருவாள் என்றார்கள். வரவில்லை. கேட்டால், “காய்ச்சல். உன் புத்தகத்தப் பாரு” என்கிறார் வார்டன். நேற்று அவள் மெத்தையைச் சுருட்டிவிட்டார்கள். செருப்பு மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

நீங்களே மார்க்கெட் பின்தெருவுக்குப் போய்ப் பார்த்து எழுதுங்கள். ஸ்வெட்டரை அவளே வைத்துக்கொள்ளட்டும். அறையில் இப்போது சத்தமே இல்லை அப்பா. எனக்குத் தூக்கம் வரவில்லை.

வாயாடி

பிப்ரவரி 9

அன்பு மகளுக்கு,

போய் வந்தேன். உன் சிநேகிதிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. உடம்பு தேற நாளாகுமாம், அதனால் பரீட்சையை அடுத்த வருடம் எழுதுவாள். அவள் உன்னை விசாரித்தாள். நன்றாகப் படிக்கச் சொன்னாள். ஸ்வெட்டர் பத்திரமாக இருக்கிறது.

இனி நீ வேறு எதையும் நினைக்காதே. கொஞ்ச நாள்தான்.

அன்புடன் அப்பா

பிப்ரவரி 24

அப்பாவுக்கு,

நேற்று ரேடியோவின் அம்மா அவள் பெட்டியை வாங்க வந்திருந்தார்கள். மாடிப்படியில் ஓடிப்போய், “எப்படிம்மா இருக்கா, எழுந்து நடக்கிறாளா?” என்று கேட்டேன். அவர்கள் கையிலிருந்த பையைப் படியில் வைத்தார்கள்.

“அவ ஊருக்கு வந்த மூணாம் நாளே போயிட்டாளேம்மா. தானா உசுர முடிச்சுக்கிட்டா. உங்கப்பா சொல்லலையா? சேதி கேட்டு ஓடி வந்து அவருதானே சுடுகாடு வரைக்கும் கூட நின்னாரு.”

பிறகு பையிலிருந்து என் ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தார்கள். துவைத்து மடித்திருந்தது.

மையத்தில் எல்லாப் பெற்றோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்களாம், பரீட்சை முடியும் வரை பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று. அவர்கள் அப்படிச் செய்வார்கள். கதவில் ஒட்ட அவர்களுக்கு மார்க் வேண்டும். ஆனால் நீங்கள் அவளைத் தூக்கிப் போய்விட்டு வந்து, கையைக் கழுவி, உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள், அவள் என்னை விசாரித்தாள் என்று. நானும் அதை நம்பி உட்கார்ந்து படித்தேன்.

உள்ளே மாட்டியிருந்தது நான் அப்பா.

அவர்களுடனேயே பஸ் ஏறி வந்துவிட்டேன். ரேடியோவின் வீட்டில்தான் இருக்கிறேன். பரீட்சையைப் பற்றி யாரும் என்னிடம் பேச வேண்டாம். தேடி வராதீர்கள். நீங்கள் எதைச் சொன்னாலும், அது உண்மையா என்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது என்னால் முடியாது.

உங்கள் மகள்

மார்ச் 2

மகளுக்கு,

இதை வாசல் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். கதவைத் தட்டவில்லை.

அந்தப் பெண்ணைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்த பிறகுதான் உன் கடிதம் கைக்கு வந்தது. தெரிந்தால் நீயும் அப்படி ஏதாவது செய்துகொள்வாய் என்று பயந்தேன். உன்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கலாம். அதற்கும் பயந்தேன். அவளைக் கூட்டி வந்த பிறகுதானே அப்படி ஆனது. சரியாகப் பட்டது என்று சொல்ல மாட்டேன். எதுவும் சரியாகப் படவில்லை. ஆலோசகர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன்.

உன் துணிகளை நேற்றே மார்க்கெட்டில் பார்த்து அந்த அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அந்த மையத்துக்கு இனி நீ போக வேண்டியதில்லை.

அம்மா தினமும் கேட்கிறாள், நீ எப்போது வருவாய் என்று. நேற்றும் கேட்டாள். நாளைக்கு வருவாள் என்று நாக்கு நுனி வரை வந்தது.

தெரியாது என்று சொன்னேன்.

அப்பா