நாலாம் மாடிக்குப் போன சிவப்புக் குழம்பு

யூன் 16, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. கொழும்பு காலி வீதியில் மீன்கள் குடை பிடித்துக்கொண்டு மஞ்சள் கடவையில் கடந்தன. என் இரண்டு கண்ணாலும் கண்டேன்.

இன்று தொடங்குவது யாருமே நம்பப்போகாத ஒரு கதை. சத்தியம் பண்ணி எழுதுகிறேன். நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். இந்தக் கொப்பியை என்னைத் தவிர எவரும் வாசிக்கப்போவதில்லை. எனக்கோ என்னில் பூரண நம்பிக்கை.

விஷயம்: நாலாம் மாடி ங்கோசி. நைஜீரியாக்காரி. இங்கே ஒரு சர்வதேசப் பாடசாலையில் கணக்கு டீச்சர். அவள் பெயரின் முதல் எழுத்துக்கு எங்கள் பிளாட்டில் யாருடைய பல்லும் பழக்கப்படவில்லை. ஆகவே எல்லோருக்கும் கோசி. புருஷன் கப்பலில் எஞ்சினியர், இப்போது எந்தக் கடலில் என்று கடலுக்கே தெரியாது. கோசி முழுகாமல் இருக்கிறாள், மூன்றாம் மாதம். தண்ணீர் குடித்தாலும் சத்தி எடுக்கிறாள். லிஃப்ட் வேறு பழுது. இன்று எங்கள் கதவடிப் படியில் இருந்து மூச்சு வாங்கினாள். ஞாயிறுக்குள் ஒருவேளைச் சாப்பாடாவது வயிற்றில் தங்காவிட்டால் வார்டில் படுக்க வேண்டும், சேலைன் ஏற்ற வேண்டும் என்று டொக்டர் அம்மா சொல்லிவிட்டாராம்.

பவளம் (என் மனைவி, இந்த வீட்டின் ஜனாதிபதி, பிரதமர், எதிர்க்கட்சி) உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தி, வாய்க்கு என்ன ஆசை என்று கேட்டாள். பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் விட்டால் பிறக்கும் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது ப.வின் கட்சிக் கொள்கை.

கோசி யோசிக்கவே இல்லை. அவர்கள் ஊர்த் தக்காளிக் குழம்பு, கோழி போட்டது, சிவப்பு, நல்ல உறைப்பு. 'ஸ்டூ' என்றாள். ஆனால் அவளால் சமைக்க முடியாது. எண்ணெயில் வெங்காயம் விழுந்த மணம் வந்தாலே குளியலறைக்கு ஓட்டம்.

நான் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, நாங்கள் சமைத்துத் தருவோம் என்று பிரகடனம் செய்தேன். 'நாங்கள்' என்று குறிப்பிட்டது பவளத்தை.

யூன் 17, செவ்வாய்

காற்று. கொடியில் போட்ட சாரம் ஒன்றைக் காணவில்லை. மாலைதீவில் யாரோ உடுத்தியிருப்பார்.

சந்தை. தக்காளி (பழுத்துக் கண்ணீர் விடுவது), சிவப்பு பெல் பெப்பர், வெங்காயம், ஊர்க்கோழி. கோழி கிழடாக இருக்க வேண்டுமாம், இளசு என்றால் குழம்பில் கரைந்துவிடும். பிறகு நய்மிரிஸ்: சிங்களவர் நாகபாம்பின் பெயர் வைத்திருக்கும் குண்டு மிளகாய். நேற்றுப் படம் காட்டியபோது, தங்கள் ஊர் மிளகாய்க்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று கோசி அடையாளம் காட்டியிருந்தாள். கடைக்காரர் பையைத் தரும்போது என் தோளைத் தட்டி, "மாத்தயா, ஹரி சரய்" என்றார். கடும் உறைப்பாம். ஓட்டோவில் பையை மடியில் வைத்திருந்தேன். சாரதி கண் கலங்கி, இதுநாள்வரை மீற்றரில் செய்த திருகுதாளம் அத்தனையையும் ஒப்புக்கொண்டு, பாவமன்னிப்புக் கேட்டார். கொடுத்தேன்.

ப. சமைத்தாள். கோசி சொன்னபடிதான். ஆனால் கோழியை முதலில் மஞ்சளும் உப்பும் பூசிக் குளிப்பாட்டினாள். மஞ்சள் பூசாத கோழி எங்கள் அடுப்புப் பக்கம் வந்த சரித்திரமில்லை. நய்மிரிஸில் விதை நீக்கி, நரம்பு நீக்கி, நகக்கண் அளவு தோல் மட்டும். அரைத்த தக்காளி எண்ணெயில் கொதித்ததும் அடிப்பிடிக்கப்போகுது என்று இறக்கிவிட்டாள். கடைசியில், பிள்ளைத்தாச்சி வயிறு குளிரட்டும் என்று ஒரு கிண்ணம் தேங்காய் முதற்பால்.

வந்தது ஒரு பொன்னிறக் கடல். நான் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். தேவர்கள் தட்டோடு கியூவில் நின்றார்கள்.

சட்டியை நாலாம் மாடிக்குக் கொண்டுபோனேன். கோசி மூடியைத் திறந்தாள். மரியாதைக்கு இரண்டு வாய். பிறகு குளியலறை. முகம் கழுவி வந்து, சாப்பாட்டை வீணாக்கியதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"அங்கிள், இது அருமையாக இருக்கிறது" என்றாள் ஆங்கிலத்தில். "ஆனால் இது அது இல்லை."

இறங்கும்போது சட்டி ஏறும்போது இருந்ததைவிடப் பாரம்.

யூன் 18, புதன்

மழை விட்டு விட்டு. முழங்கால் நோவு.

பவளத்திடம் அறிக்கை சமர்ப்பித்தேன். பால் கூடாது. மஞ்சள் வேண்டாம். தக்காளியை இன்னும் வறுக்க வேண்டும். முக்கியமாக மிளகாய், முழுசாக.

அவள் அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள். "பிள்ளைத்தாச்சிக்கு அந்த மிளகாயை முழுசாக் குடுக்கச் சொல்லுறியளோ? ஏதும் நடந்தா ஆர் பதில் சொல்லுறது?"

நான் அறிக்கையை வாபஸ் வாங்கினேன்.

ஏன் பயப்படுகிறாள் என்று தெரியும். கலியாணமான புதிதில் எங்களுக்கு ஒன்று வந்தது. ஐந்தாம் மாதத்தில் நிற்காமல் போனது. அதற்கு முதல் நாள் ப. மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஆசை தீரச் சாப்பிட்டிருந்தாள். அதனால் இல்லை என்று அந்த டொக்டர் எத்தனையோ தரம் சொன்னார். ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு மாங்காய் வந்ததில்லை.

இதற்குமேல் எழுதவில்லை.

பின்னேரம் லிஃப்ட் திருத்த மூன்று பேர் வந்தார்கள். லிஃப்டைப் பார்த்தார்கள். லிஃப்டும் அவர்களைப் பார்த்தது. போய்விட்டார்கள்.

யூன் 19, வியாழன்

மூட்டம். கோசி தானே இறங்கி வந்தாள், குமட்டலுக்கு மூக்கடியில் பாதித் தேசிக்காயைப் பிடித்தபடி. பவளத்தோடு கதைக்க வேண்டுமாம். மொழிபெயர்ப்பு அடியேன், ஐக்கிய நாடுகள் சபைத் தரம்.

அவளுடைய அம்மா ஒவ்வொரு பிள்ளையையும் வயிற்றில் வைத்திருந்த காலம் முழுக்க இந்தக் குழம்பும் சோறும்தானாம், மிளகாய் ஒன்றும் குறைக்காமல். கடைசிப் பிள்ளை கோசி.

"என்னைப் பாருங்கள், ஆன்ட்டி. ஏதாவது குறைகிறதா?"

ப. பார்த்தாள், நன்றாகவே. பிறகு என் பக்கம் திரும்பி, "சரியா மெலிஞ்சு போனாள்" என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

கோசி போனபிறகு ப. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு டொக்டர் அம்மாவுக்குப் போன் எடுத்தாள். சாவித் துவாரத்தில் என் காது இருந்ததாகக் கூறப்படும் செய்தியை வன்மையாக மறுக்கிறேன். டொக்டர் சிரித்தாராம். அவளுக்கு எது வயிற்றில் தங்குதோ அதைக் கொடுங்கோ, உறைப்பு பிள்ளையைத் தொடாது என்றாராம். ப. ஓம், ஓம் என்றாள். அந்தப் பழைய ஓம் போலவே கேட்டது.

கதவு திறந்தது. "சனிக்கிழமை வைப்பம்" என்றாள். "நாளைக்கு வெள்ளி."

யூன் 20, வெள்ளி

வெள்ளி என்பதால் சைவம். பூசணிக்காய். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பூசணிக்காயிலும் ஒன்றுமில்லை.

கோசிக்கு நாள் முழுக்க ஐஸ் கட்டியும் கிறீம் கிறக்கர் பிஸ்கட்டும். இரண்டும் திரும்பி வந்தன. கதவடியில் ஒரு சின்னப் பை, உள்ளே உடுப்பு, சவர்க்காரம், பல் தூரிகை. ஆஸ்பத்திரிக்குக் கட்டி வைத்திருக்கிறாள்.

பவளத்திடம் சொல்லக்கூடாது என்று முடிவு. கீழே வந்ததும் சொல்லிவிட்டேன்.

யூன் 21, சனி

கடும் காற்று, மழையில்லை. கடல் ரயில் பாதையைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

ஏற்பாடு இப்படி. கோசி மொட்டைமாடியில், மணம் போகாத பக்கமாகக் கதிரை போட்டு, கையில் போன். எங்கள் போன் சமையலறையில், லவுட் ஸ்பீக்கரில். ப. அடுப்பில். நான் தளபதி, போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் படை நடவடிக்கை.

கோழி உப்பு, வெங்காயம், சூப் கட்டி, கோசி தந்த தைம் இலை போட்டு அவிந்தது, பிறகு பொரிந்தது. மஞ்சள் இல்லை. ப. இரண்டு தரம் மஞ்சள் போத்தலைக் கையில் எடுத்து, இரண்டு தரமும் வைத்தாள். தக்காளி, பெல் பெப்பர், வெங்காயம், முழு நய்மிரிஸ் ஒன்று, எல்லாம் அரைத்துத் தண்ணீர் வற்றக் காய்ச்சினாள். அதைத் தாராள எண்ணெயில் ஊற்றினாளோ இல்லையோ, சுவரில் இருந்த பல்லி குடும்பத்தோடு தெஹிவளைக்கு இடம்பெயர்ந்தது. பாணந்துறை ரயில் எங்கள் ஒழுங்கைக்கு நேரே நின்று, தும்மிவிட்டுப் போனது.

போனைச் சட்டியின் வாயடியில் பிடிக்கச் சொன்னாள் கோசி. பிடித்தேன்.

"இன்னும் இல்லை. அது இன்னும் தண்ணீராகவே பேசுகிறது."

இதை என்னென்று எழுதுவது. கறி முடிந்ததை நாங்கள் மூக்கால் அறிவோம், கண்ணால் அறிவோம். இவள் மேலே, கடலிரைச்சலுக்கு நடுவில், போனுக்குள்ளால், காதால் அறிகிறாள். நானும் கேட்கத் தொடங்கினேன். முதலில் கொளக் கொளக் என்று சோம்பேறிச் சத்தம். பிறகு சளசள. ப. இறக்கலாம் என்று சட்டியில் கை வைத்தாள்.

"ஆன்ட்டி, சட்டியை விடுங்கள்" என்றது போன்.

இருவரும் முகட்டைப் பார்த்தோம், கமரா எங்காவது பூட்டியிருக்கிறதா என்று.

இன்னும் வறுத்தாள். கிண்டக் கிண்டச் சத்தம் சின்னதாகியது, நெருங்கியது, தகரத்தில் தூறல் விழுவதுபோல் பொருபொருவென்று வந்தது. எண்ணெய் சிவந்து மேலே மிதந்தது. "இப்போது" என்றாள் கோசி, அதே நொடியில். அவளுக்கு அந்தச் சிவப்புத் தெரியாது, எங்களுக்குத் தெரிந்தது. காலிமுகத்திடலில் பின்னேரச் சூரியனைப் பார்க்கக் கூடும் சனம் எல்லாம் இன்றைக்கு இடம் மாறி எங்கள் யன்னலடியில் நின்றிருக்க வேண்டும்.

ப. ஒரு சொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். பால் இல்லை, புளி இல்லை, கறித்தூள் இல்லை. வறுத்த வறுவலிலேயே தக்காளியின் புளிப்புச் செத்து, அடியில் ஓர் இனிப்பு. மற்றவர் கைப்பக்குவத்தை மெச்சுவது ப.வின் வழக்கமில்லை. "கெட்டிக்காரி" என்றாள். சட்டியையா போனையா சொன்னாள், தெரியவில்லை.

எத்தனை மிளகாய் போட்டீர்கள் என்று கோசி கேட்டாள். ஒன்று என்றேன்.

"இரண்டு" என்றாள் மெதுவாக. "ஆன்ட்டிக்குச் சரியென்றால்."

நான் மொழிபெயர்க்கவில்லை. அந்த ஆங்கில எண் பவளத்துக்குத் தெரியும். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். திரும்பத் துடைத்தாள். தட்டில் மீந்திருந்தவற்றில் பெரியதாய் ஒன்றை எடுத்தாள். விதை எடுக்கவில்லை. நரம்பு எடுக்கவில்லை. பிளந்து போட்டுக் கிண்டிவிட்டு, பொரித்த கோழியை உள்ளே இறக்கினாள்.

"கேளுங்கோ அவளிட்ட," என்றாள், என் பக்கம் முகம் காட்டாமல், "இன்னும் ஒண்டு வேணுமோ எண்டு."

சட்டியை என்னிடம் தரவில்லை. தானே தூக்கிக்கொண்டு படியேறினாள். நான் பின்னால் சோற்றுப் பாத்திரத்துடன், பட்டத்து யானைக்குப் பின் கொடி பிடிக்கிறவன் மாதிரி.

வெள்ளைச் சோறு, மேலே குழம்பு. கோசி முதலில் குனிந்து மணந்தாள். நாங்கள் மூச்சை நிறுத்தினோம். முதல் வாய். மூக்கு ஓடியது, கண் ஓடியது, கை நிற்கவில்லை. எலும்பைக் கடித்து உறிஞ்சிய சத்தம் கொட்டாஞ்சேனை வரை கேட்டிருக்கும். ப. எதிர்க் கதிரையில், பரீட்சை மண்டப மேற்பார்வையாளர் போல, மடியில் ஒரு வாளியுடன். நான் ஒரு கழுத்து எலும்பை ஆராய்ச்சிக்காக எடுத்துக்கொண்டேன். முடிவு: இதுவரை நான் கோழி என்று சாப்பிட்டதெல்லாம் ஒத்திகை.

தட்டு வெறுமையானதும் கோசி சோபாவில் சாய்ந்தாள். அப்படியே நித்திரை. ப. வாளியை இறக்கி வைக்கவில்லை.

"நீங்கள் போங்கோ," என்றாள் என்னிடம். "நான் இருக்கிறன்."

யூன் 22, ஞாயிறு

வெயில். ப. காலையில்தான் இறங்கி வந்தாள். வாளி காய்ந்தபடி. தேத்தண்ணீர் கேட்டாள், நானே போட்டேன், சீனி கூடிவிட்டது, ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். கோசி விடிய எழும்பி மிச்சக் குழம்பில் பாண் தொட்டுச் சாப்பிட்டாளாம். டொக்டர் அம்மாவுக்குச் சொல்லியாயிற்று. வார்டு வேண்டாம்.

பிளாட் முழுக்க என்னிடம் விபரம் கேட்கிறது. கோசி மூன்று அண்டா சோறு சாப்பிட்டாள், மிளகாய்ப் புகைக்குத் துறைமுகக் கப்பல்கள் எல்லாம் சங்கு ஊதின, பவளத்தைத் தங்கள் ஊருக்குத் தரும்படி நைஜீரிய அரசாங்கம் ஆள் அனுப்பியிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டாம் மாடிக்காரர் பாதி நம்பிவிட்டார்.

இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அண்டா இல்லை. ஒரு தட்டு. அது வயிற்றில் நின்றது. அந்தச் சின்னது ஒன்றுதான் உண்மை.