சாட்சி சொல்லிவிட்டுப் போகிறேன்

3 மார்ச் 2021, ஹ்ரோத்னா

தலைமை மருத்துவர் ஆதமவிச் கூப்பிட்டனுப்பினார். மேசையில் நான் போன ஆகஸ்டில் எழுதிய குறிப்பு. ஊர்வலத்தில் போலீசிடம் அடிபட்டு வந்த வெல்டர் அன்டோஸ். இருபுறமும் விலா முறிவு, முதுகெல்லாம் தடியின் தழும்பு. அறுவைக்கு மயக்க மருந்து கொடுத்தவள் நான். கண்டதை எழுதினேன். இப்போது போலீசைத் தாக்கியதாக அன்டோஸ் மேலேயே வழக்கு.

"படியில உருண்டு விழுந்தான்னு மாத்தி எழுதிக் குடு ரெகினா. வேற ஒண்ணும் வேணாம்."

"எந்தப் படி டாக்டர்? ரெண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து உடைக்கிற படி நம்ம ஊர்ல எங்க இருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. மே மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிவதை நினைவூட்டினார்.

4 மார்ச்

எழுதிக் கொடுக்கவில்லை.

29 மார்ச்

எல்லைக்கு அந்தப்புறம், போலந்தில், பியாவிஸ்தோக் மருத்துவமனை ஒன்று வேலை தருகிறேன் என்கிறது. பட்டச் சான்றிதழில் அரசு முத்திரை வேண்டும். கவுன்ட்டரில் இருந்தவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"எல்லாரும் போயிட்டா இங்க யாரு வைத்தியம் பாக்கறது?"

"வேலையை விட்டுத் தூக்கறவங்ககிட்ட கேளுங்க."

முத்திரையைக் குத்தினாள். கொஞ்சம் வேகமாகத்தான் குத்தினாள்.

18 ஏப்ரல்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உருளைக்கிழங்கு துருவுவதை அவள் நிறுத்தவில்லை.

"ஓடிப் போறியா?"

"வேலைக்குப் போறேன்."

"அப்ப நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டுப் போ. யாரோ துரத்தின மாதிரி போகாதே."

கூட வா என்றேன். "நான் எதுக்குப் போகணும்? துரத்தறவனுங்க போகட்டும்."

20 மே

விசா வந்துவிட்டது. தரைவழி எல்லையை மூடி வைத்திருக்கிறார்கள்; வேலை விசா இருந்தால் விடுவார்கள். நாளைக்கே பேருந்து; டிக்கெட் எடுத்தாயிற்று.

சாயங்காலம் அன்டோஸின் மனைவி ஸ்தெஃபா வந்தாள். விசாரணை 26ஆம் தேதி. "நீங்க வந்து சொன்னா..." என்று தொடங்கி, என் பெட்டியைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சாட்சி சொன்ன பிறகு பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டால்? உள்ளே தள்ளினால்? போய்த் தொலைடி என்கிறது மனசு. போயிட்டா, அந்த மனுஷன் படியில விழுந்தவனாவே ஆயிடுவானே —

பேருந்தை 27க்கு மாற்றிவிட்டேன்.

26 மே

சொன்னேன்.

"நீங்க மயக்க மருந்து டாக்டர்தானே? காயத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் நீதிபதி.

"தூங்கினது அவர். நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

கூண்டுக்குள் அன்டோஸ் சிரித்தார். இரண்டு ஆண்டு சிறை கொடுத்தார்கள். ஆனால் என் வார்த்தை பதிவேட்டில் ஏறிவிட்டது. அழிக்கட்டும், பார்ப்போம்.

27 மே

நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டேன். எல்லையில் அரை மணி நேரம் என் காகிதங்களைப் புரட்டினார்கள். கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"திரும்பி வருவீங்களா?"

"கண்டிப்பா வருவேன்."

காவலன் நிமிர்ந்து பார்த்தான். நான் சொன்ன விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை போலும்.

2 நவம்பர், பியாவிஸ்தோக்

ஆதமவிச் போன் செய்தார். அவரையும் நீக்கிவிட்டார்களாம், என்னை அடக்கி வைக்கத் தெரியவில்லை என்று.

"உங்க ஆஸ்பத்திரியில ஆள் எடுக்கறாங்களாமே. வழி எப்படின்னு..."

"சொல்றேன். அன்டோஸ் விஷயத்துல என்கிட்ட என்ன கேட்டீங்க, யாரு கேக்கச் சொன்னாங்கன்னு எழுதி அனுப்புங்க."

"பேரம் பேசறியா?"

"இல்ல. அனுப்பலைன்னாலும் வழி சொல்வேன். கேக்காம இருக்க முடியலை, அவ்வளவுதான்."

வைத்துவிட்டார். விண்ணப்ப விவரம் எல்லாவற்றையும் உடனே அனுப்பினேன்.

9 நவம்பர்

பதில் இல்லை. அவரைத் திட்டக்கூட முடியவில்லை. அங்கே இருப்பவர் அவர்.

24 நவம்பர்

ஹ்ரோத்னா பேருந்தில் வந்த ஒரு பெண் உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆதமவிச் எழுதியது, இரண்டு பக்கம். யார் சொன்னது, எந்த நாள், எந்த அறை — எல்லாம். கீழே முழுப் பெயரும் கையெழுத்தும். விசா அவருக்கு இன்னும் வரவில்லை.

ஸ்தெஃபாவைப் போனில் அழைத்து வாசித்தேன்.

"இன்னொரு தடவை படிங்க" என்றாள்.

படித்தேன்.