பாலத்துக் கைப்பிடியில் உன் பெயர்

சண்டை போடவும் சமாதானமாகவும் எனக்கென்று இருந்த ஒரே ஆளான கலா அக்காவுக்கு,

நம் திருவொற்றியூர் ரயில் நடைமேம்பாலத்தை இப்போது பார்த்தால் நீ சிரிப்பாய். துருப்பிடித்த கைப்பிடி முழுக்கக் கம்பளி நூலில் சட்டை போட்டிருக்கிறோம். ஓவியம் படித்த ஒரு பெண் வந்து, குரோஷா ஊசியில் பின்னத் தெரிந்தவர்களையெல்லாம் கூட்டி, ஆளுக்கு இரண்டு முழம் கைப்பிடியைப் பிரித்துக் கொடுத்தாள். டிவிக்கு உறை பின்னிக்கொண்டிருந்த தெரு, பாலத்துக்கே உறை பின்னிவிட்டது.

நான் போக மாமா உடனே சரி என்றார். ஆமாம், உன் வீட்டுக்காரரை இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். நீ போன மறு வருடம், பிள்ளைகளை வேறொருத்தி கையில் விட மாட்டேன் என்று அம்மா அழுதாள். அவரையே எனக்குக் கட்டி வைத்தார்கள். அக்காள் புருஷனும் மாமா, கட்டிய புருஷனும் மாமா. கூப்பிடும் வார்த்தைகூட மாறாததால், எனக்கு ஏதோ நடந்தது என்றே யாருக்கும் தோன்றவில்லை.

அவர் நல்லவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அத்தை அவசரத்தில் என்னைக் "கலா" என்று கூப்பிடுவார். நானும் "இதோ அத்தை" என்று ஓடுவேன். யாரைக் குறை சொல்வது? கெட்டவர்களாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

பின்னி முடித்ததும், ஒவ்வொருத்தியும் தன் பெயரை அதில் நூலால் போட வேண்டும் என்றாள் அந்தப் பெண். வீட்டில் சொன்னேன். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம கலா பேர போடும்மா. ஊரே பாக்கட்டும்."

மாமாவும், "ஆமா மஞ்சு, பசங்க அந்தப் பாலத்து மேலதான ஸ்கூலுக்குப் போய்னு வருதுங்க. அம்மா பேரு தெனம் கண்ணுல படும்ல?" என்றார்.

இதற்கு மேல் என் பெயர் வேண்டும் என்று எப்படிக் கேட்பது, நீயே சொல். செத்துப்போனவளோடு போட்டி போடும் தங்கை என்று ஆகிவிடாதா? மஞ்சள் நூலில் 'கலா' என்று போட்டேன். போடும்போது உன்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

திறந்து வைத்த அன்று உன் பெண்கள் இருவரும் அந்த எழுத்துகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நானும் கைதட்டினேன். மீன் விற்கும் அஞ்சலை அக்கா, ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள்.

"இன்னாடி மஞ்சு, எல்லார் பேரும் கீது, ஒன் பேரு எங்க? நீ பின்னலியா?"

"அதான் கலான்னு போட்டுகீதே."

"அது செத்துப்போச்சேடி. நீ உசுரோடதான கீற?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன்.

குரோஷாவில் கடைசிக் கண்ணியை அவிழ்த்து இழுத்தால் மொத்தமும் வந்துவிடும், உனக்குத் தெரியாததா? பாலம் ஏறும்போதெல்லாம் அந்த நுனியை என் விரல் தேடுகிறது. நேற்று பிடித்தே விட்டேன். பின்னால் உன் பெரியவள் வந்து நின்றாள்.

"சித்தி, அம்மா பேர தொடச்சினு கீறியா?"

ஆமாம் என்றேன். முந்தானையால் துடைக்கவும் செய்தேன். எத்தனை நாள் இப்படித் துடைத்துக்கொண்டிருப்பேன், அக்கா?

அதனால் முதலில் உன்னிடம் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசுவேன், பிறகு அத்தையிடம், மாமாவிடம். பேசி முடித்ததும், பகலில், எல்லோரும் பார்க்க, உன் பெயரைப் பிரித்து என் பெயரைப் போடுவேன். என் பெயர் நீளம். உன் நூல் போதாது, வண்ணாரப்பேட்டை போய் மீதிக்கு வாங்கிக்கொள்கிறேன். அழாமல் செய்வேன் என்று சொல்லவில்லை, செய்வேன். உன் பிள்ளைகளை ஒருநாளும் விட மாட்டேன், பயப்படாதே. நீயாக இருப்பதை மட்டும் விட்டுவிடுகிறேன்.

உன் தங்கை, தங்கை மட்டும்,
மஞ்சுளா