கீழுதட்டில் இரண்டு குழி

என் செல்லத் தங்கச்சி செல்விக்கு,

நீ நறுக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் காத்திருந்தவளுக்கு அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிரகணத்தன்று நீ அரிவாள்மனையில் மீன் நறுக்கினதால்தான் பிள்ளைக்கு மேலுதடு பிளந்தது என்று உன் மாமியார் உப்பளம் முழுக்கச் சொன்னாள். உன் புருஷன் உன்னையும் பச்சைப்பிள்ளையையும் என் வாசலில் விட்டுப் போனான். காய்ச்சலில் கண் மூடுகிறவரை, "நான் நறுக்கலண்ணா" என்றுதானே சொன்னாய்?

உன் மகள் மலர் இப்போது நாலு மாசக் கர்ப்பிணி. தன் பிள்ளைக்கும் வருமோ என்று பயந்தாள். புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். தைத்த மேலுதட்டை விட்டுவிட்டு, கீழுதட்டில் இருக்கும் இரண்டு சின்னக் குழிகளையே டாக்டரம்மா உற்றுப் பார்த்தார்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இந்தக் குழி இருக்குதாங்க?"

உனக்குத் தெரியாதா? உன் புருஷனுக்கு. அவனைப் பெற்றவளுக்கு. "எங்க வம்சத்து அடையாளம்" என்று, பெண் பார்க்க வந்த அன்றே தொட்டுக் காட்டினாளே!

மலரின் எச்சிலைச் சோதித்தார்கள். மரபணு ஒன்றில் மாற்றம். குழியும் பிளவும் அதனால்தான். பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. வந்தாலும் என்ன செய்வது என்று இப்போதே திட்டம் போட்டாயிற்று. உப்பு மூட்டையில் அச்சடித்திருப்பதைக் கூட்டிக் கூட்டி எழுத்துக் கற்றவன் நான். புரிகிறவரை டாக்டரம்மாவை விடவில்லை.

"கிரகணத்துக்கும் இதுக்கும்?"

"ஒரு சம்பந்தமும் இல்லீங்க."

நேராக உன் மாமியார் வீட்டுக்குப் போனேன்.

"செல்வி அண்ணனா? இன்னும் உசுரோடதான் இருக்கிறியா?"

"உன் வாயால ஒரு வார்த்த கேக்கத்தான் இருக்கிறேன்." கண்ணாடியை நீட்டினேன். "உன் உதட்டப் பாரு. அங்க எந்த அரிவாள்மனை பட்டுச்சு?"

முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"கெழவி தெரியாமதான மாமா பேசுச்சு, விட்டுடு" என்கிறாள் மலர். தெரியாதது குற்றமில்லை. தெரிந்ததாகச் சொல்லி உன்னைத் துரத்தினாளே, அதை எப்படி விடுவது?

வளைகாப்புக்கு அவளை அழைத்திருக்கிறேன். ஊர்ப் பெண்கள் நடுவில், "செல்வி நறுக்கல" என்று அவளே சொல்லட்டும். வராவிட்டால், அவள் பாடைக்கு முன்னால் நின்று நான் சொல்வேன். அதற்குமுன் நான் சாகமாட்டேன்.

இன்னொன்றையும் அங்கே சொல்வேன். ஒரே ஒரு தரம் நானும் உன்னைக் கேட்டேன்: "உண்மையச் சொல்லு, நறுக்கினியா?" நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாய்.

உன்னை ஒரு தரம் சந்தேகப்பட்ட பாவி,
உன் அண்ணன்