ஓரத்தில் பச்சை நூல்

விடுதி,
மார்ச் 4

என் அருமை மூட்டைக்கு,

நலமா? நான் நலம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. போனில் பேசினால் நான் அழுவேன், நீ "அழாதடி" என்று கத்துவாய், சொல்லவந்த விஷயம் அப்படியே நின்றுபோகும். அதனால்தான் கடிதம்.

ஜூரி நெருங்குகிறது, வெளியாட்கள் வந்து எங்கள் துணியைப் பார்த்து மார்க் போடும் நாள். இளங்கலையில் நாம் செய்ததெல்லாம் விளையாட்டு. பூப் போடு, கோடு போடு, கலர் அடி, மார்க் வாங்கு. முதுகலையில் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் ஒரே கேள்விதான்: "சரிம்மா, இது எதுக்கு?" போன வருடம் முழுக்க என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

அப்பா கடைசியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவர் முதுகு புண்ணாகி என்ன பாடு பட்டது என்று நீ பார்த்திருக்கிறாய். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு விரிப்பு நெய்கிறேன். இரண்டு அடுக்கு. மேலே பருத்தி, கீழே கம்பளி நூல். வெந்நீரில் முக்கினால் கம்பளி சுருங்கும், பருத்தி சுருங்காது. அதனால் மேலடுக்கு குட்டிக் குட்டி மேடாக எழும்பி நிற்கும், நடுவில் காற்று ஓடும். ஆள் படுத்ததும் மேடெல்லாம் அமுங்கிப்போய்க்கொண்டே இருந்தது. இரண்டு அடுக்கையும் சேர்க்கும் இடங்களை மாற்றி மாற்றி நெய்து, ஒருவழியாக நிற்கவைத்துவிட்டேன். நானே தரையில் விரித்துப் படுத்துப் பார்த்தேன். தறிக்கூடத்துக்குப் பொறுப்பானவர் ஓடிவந்து, "மயக்கமாம்மா?" என்று தண்ணீர் கொடுத்தார்.

சாம்பிள் இப்போது என் கைடு புரொஃபசரிடம் இருக்கிறது. "தெரிஞ்சவங்ககிட்ட காட்டி அபிப்பிராயம் கேக்கறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாய் தொறக்காத" என்றார். கேட்டால், "பாத்துட்டிருக்காங்கம்மா" என்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்றும் தெரியவில்லை.

உன் மில் எப்படி இருக்கிறது? சாம்பிள் அறையில் இன்னும் நீதான் ராணியா? உன் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்ததா? நாலு வரி எழுதிப் போட்டுவிடாதே. நீளமாக எழுது.

உன்,
ஊசி


வீடு,
மார்ச் 19

அன்புள்ள ஊசி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாமியார் கேட்டார், "அந்தப் பொண்ணு இன்னுமா படிக்குது? காலேஜையே நெய்யறாளா?" நான் சிரித்தேன். சோறு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் உடம்பில் அதற்கு மேல் இளைக்க இடம் எங்கே இருக்கிறது? சாப்பிடு.

வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. சமையல் அவர் கைக்குப் போய்விட்டது. உப்பு மட்டும் தினமும் ஒரு பரீட்சை.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருக்கிறேன்.

எங்கள் மேசைக்கு ஒரு துணி வந்தது. இதேபோல் பெரிய தறியில் ஓட்ட முடியுமா பார் என்று மேனேஜர் கொடுத்தார். மேலே பருத்தி, கீழே கம்பளி. வெந்நீரில் முக்கினேன். நீ எழுதியிருந்தாயே, அதேபோல் எழும்பி நின்றது. தற்செயலாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஓரத்தைத் திருப்பினேன். இடது கரையில் ஒற்றைப் பச்சை நூல். உலகத்தில் எவளும் அங்கே பச்சை போடமாட்டாள். முதல் வருடத்தில் உன் துணியும் என் துணியும் மாறிப்போய் நாம் சண்டை போட்டோமே, அதிலிருந்து நீதான் போடுகிறாய்.

"யார் சார் இது பண்ணது?" என்று சாதாரணமாகக் கேட்டேன். "ஒரு புரொஃபசர். நமக்கு ஆலோசகரா வர்றார்" என்றார்.

நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே. உன் நிம்மதியைக் கெடுத்துவிட்டேன். தெரிந்துகொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.

உன்,
மூட்டை


விடுதி,
ஏப்ரல் 2

மூட்டை,

கைடிடம் போனேன். உன் பெயரை எடுக்கவில்லை. "சார், என் சாம்பிள் ஒரு மில்லுக்குப் போயிருக்குன்னு கேள்விப்பட்டேன்" என்றேன். கோபப்படுவார் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"யோசனை எல்லாருக்கும்தான் வரும். அதைத் துணியா மாத்தறதுக்கு அனுபவம் வேணும். நீ என் கீழ படிக்கற. இங்க நெய்யறதெல்லாம் துறையோடதுதான். ஜூரிக்கு வேற ஏதாவது பண்ணு, நானே பாத்து மார்க் போடச் சொல்றேன்."

"இந்த வருஷம் முழுக்க இதைத்தானே சார் பண்ணேன்?"

"அதனாலதான் சொல்றேன். மில் இதை வெளியில விட்டப்புறம் நீ கொண்டுபோய் வெச்சா, காப்பியடிச்சதுன்னு சொல்வாங்க. உனக்குத்தான் அசிங்கம்."

எவ்வளவு அக்கறையாகச் சொன்னார் தெரியுமா. வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, நேரே புகார் கொடுக்கப் போனேன்.

துறைத் தலைவி மேடம் நல்லவர். முழுக்கக் கேட்டார். ஆனால், "அந்தத் துணி மில்லுல இருக்குன்னு உள்ள வேலை செய்யறவங்க யாராவது சொல்லணும்மா. இல்லன்னா அவர் சொல்றது ஒண்ணு, நீ சொல்றது ஒண்ணு. அவ்வளவுதான் நிக்கும்" என்கிறார். விசாரணைக் குழு வைக்கப்போகிறார்கள்.

நீ வரவேண்டும், மூட்டை. பார்த்தேன், பச்சை நூலைப் பார்த்தேன் என்று சொன்னால் போதும். இதைக் கேட்க எனக்கே கூசுகிறது. வேறு யாரிடம் கேட்பேன்?

ஊசி


வீடு,
ஏப்ரல் 11

ஊசி,

கூசுகிறது என்று எழுதிவிட்டுக் கேட்டும்விட்டாய்.

இந்த வீட்டில் அடுப்பு எரிவது என் ஒருத்தி வேலையில். சாம்பிள் அறை எனக்கு யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. ஒரு வருடத்துக்கு மேல் துணி மடித்துவிட்டு அந்த மேசைக்கு வந்தேன். மேலே படிக்க உனக்கு இடம் கிடைத்தபோது எனக்கும்தான் கிடைத்தது. நான் ஏன் போகவில்லை என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதை இப்போது சண்டையாக எழுதவில்லை. கணக்கில் அதுவும் இருக்கிறது என்று சொல்கிறேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கு யாரு முக்கியம்னு நான் கேக்கல. வேலை போச்சுன்னா என்ன பண்ணுவோம், அதைத்தான் கேக்கறேன்" என்றார்.

மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் நாள் கொடு. மேனேஜர் என் பின்னால் வந்து நின்றாலே நூலைத் தப்பாகக் கோத்துவிடுகிறேன். அதுவரை என் பெயர் உன் வாயில் வரக்கூடாது. இது ஒன்றுதான் நான் கேட்பது.

மூட்டை


விடுதி,
ஏப்ரல் 25

மூட்டை,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

குழு நேற்று உட்கார்ந்தது. நீள மேசை. ஒரு முனையில் கைடு, எதையோ படித்துக்கொண்டு, என்னைப் பார்க்கவே இல்லை. என் வரைபடங்கள், முதல் சாம்பிள்கள் எல்லாவற்றையும் காட்டினேன். அவர், "நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் சொன்னதை அவ வரைஞ்சிருக்கா" என்றார். அவ்வளவு எளிதாக.

தலைமை வகித்தவர் என்னிடம் திரும்பினார். "யாரோ சொன்னாங்கன்னு ஒருத்தர் மேல பழி போட முடியாதும்மா. பேரைச் சொல்லு. இல்லன்னா புகாரை இப்பவே எழுதி வாபஸ் வாங்கிக்க."

எனக்குத் தெரியும். நீ எழுதியது ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருந்தது. ஒருநாள் அவகாசம் கேட்டிருக்கலாம். மேடம்கூடக் கண்ணால் ஏதோ சாடை காட்டினார். அப்போது கைடு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மூட்டை. ரயிலுக்கு நேரமாகிவிட்டதுபோல. என் வாயிலிருந்து உன் பெயர் வந்துவிட்டது. வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

மில்லுக்கு இன்றே கேட்டு எழுதுகிறார்கள். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று தபால் நிலையத்திலேயே நின்று எழுதுகிறேன். உன்னைக் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு. என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடு. நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

ஊசி


வீடு,
மே 20

ஊசிக்கு,

உன் கடிதம் பிந்தித்தான் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அது வருவதற்கு முந்தின நாள் காலை, மில்லுக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரர் வாசல்வரை வந்து, "போய்ச் சொல்லிடு. பட்டினி கிடந்தா செத்தாபோயிடுவோம்? நீ தூங்கி எத்தனை நாளாச்சு" என்றார். உன் ஊருக்கு வர லீவு எழுதிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். கையில் அந்தக் காகிதத்தோடு நிற்கும்போதே, "உன்னைத்தான் கூப்பிட நெனச்சேன். உன் பேர் போட்டு லெட்டர் வந்திருக்கு" என்றார். மேசைமேல் துணி விரித்திருந்தது.

"இது யார் நெய்ததுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். ஆனால் துணி எதிரே கிடக்கிறது. கை தானாகப் போய் ஓரத்தைத் திருப்பிவிட்டது. "என் சிநேகிதி சார். இந்தப் பச்சை நூல் அவ பழக்கம்" என்றேன். எழுதியும் கொடுத்தேன்.

அந்த ஆலோசகரை மில் நிறுத்திவிட்டது. துணியை உன் பெயரில் செய்வது பற்றி உனக்கு எழுதுவார்கள் என்று கேள்வி. ஜூரியும் நல்லபடியாக நடக்கும். உன் துணி அருமையான துணி, அதில் எனக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இல்லை. எனக்கு வேலை போகவில்லை. சாம்பிள் அறைதான் போயிற்று. மறுபடி மடிப்புப் பகுதியில் நிற்கிறேன். "வந்த சாம்பிளைப் பத்தி வெளியில பேசறவங்களை உள்ள வெச்சுக்க முடியாது" என்றார் மேனேஜர். அவர் சொன்னதும் நியாயம்தான்.

நீ கொஞ்சம் பொறுத்திருந்தால் உனக்கு எதையும் கொடுத்திருப்பேன். கொடுக்கத்தான் கிளம்பினேன். நானாகக் கொண்டுவந்து கொடுக்க இருந்ததை நீ பிடுங்கிக்கொண்டாய். எனக்கு மேசை போனதைவிட இதுதான் தாங்கவில்லை. இனி யார் கேட்டாலும், ஊசி சொல்லிவிட்டாள், அதனால் இவளும் ஒத்துக்கொண்டாள் என்றுதான் ஆகும்.

அதற்குப் பிறகு நீ அனுப்பிய மூன்று கடிதங்களையும் பிரிக்கவில்லை. மன்னிப்பு என்று எழுதியிருப்பாய். படித்தால் மனம் இளகிவிடும், எனக்குத் தெரியும். இப்போதைக்கு இளக விருப்பமில்லை.

ஜூரி முடிந்ததும் நேரே இங்கே வருவதாக என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னாயாம். வராதே. நீ வந்து நின்றால் நான் கதவைத் திறந்துவிடுவேன். அதனால்தான் சொல்கிறேன், வராதே.

இப்படிக்கு,
உன்னோடு படித்தவள்